கணினி ‘நான்’ என்று சொன்னால்: சின்ன அமைப்புகளின் கணக்கில் சிறப்புச் சார்புகள் காலை வாரும் இடங்கள்

போன வாரம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தால் திரை முழுக்க ‘நான் நான் நான்’. எண் இல்லை (நாட் எ நம்பர், NaN) என்பதற்குக் கணினி வைத்திருக்கும் சுருக்கம் அது. “யாருடா இவ்வளவு நான் நான் என்கிறது?” என்று கேட்டேன், அவனுக்குப் புரியவில்லை. டர்பனில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அண்ணா, ஆயா, சாம்பார் தாண்டித் தமிழ் அதிகம் வராது. அடுப்படியில் இருந்த அவன் ஆயாதான் சிரித்தார்.

தம்பி செய்வது முதுகலைத் திட்டவேலை. சின்னச் சதுரப் பின்னலில் ஐசிங் மாதிரி (புள்ளிக்கு ஒரு குட்டிக் காந்தம், அதாவது ஸ்பின், மேலேயோ கீழேயோ நோக்கும்), அப்புறம் பொறிக்குள் அடைத்த சில ஆயிரம் போஸ் அணுக்கள் (குளிரில் ஒரே நிலையில் குவிந்து செறிமமாகும் வகை). முடிவிலி அளவுள்ள அமைப்புக்குப் பாடப்புத்தகத்தில் அழகான விடை இருக்கும், சின்ன அமைப்புக்கு நாமே கணக்குப் போட வேண்டும், அங்கேதான் காமா, பெஸ்ஸல், நீள்வட்டத் தொகையீடு, பாலிலாக், தீட்டா என்ற சிறப்புச் சார்புகள் எல்லாம் வந்து நிற்கும். அவனுக்கு வந்த கோளாறுகளையும் எனக்கு முன்பு வந்தவற்றையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ அங்கே போய்ப் படித்தால் போதும், வரிசையாகப் படிக்கத் தேவையில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நாலு காசை எடுங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன்னால் கையால் எண்ணக்கூடிய அளவில் ஒரு விடை வேண்டும். மான் போட்ட பழைய ஒரு ராண்ட் காசு நாலு மேசையில் கிடந்தது, இரண்டுக்கு இரண்டாக வைத்துத் தம்பியையே திருப்பிப் போடச் சொன்னேன். தலை மேல் நோக்கி, பூ கீழ் நோக்கி என்று வைத்தால் மொத்தம் 16 நிலைகள். விளிம்பு சுற்றி வந்து எதிர் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும் வகையில், பக்கத்துக் காசோடு உள்ள ஒவ்வொரு பிணைப்பும் இரண்டு தடவை எண்ணப்படும், ஆக 8 பிணைப்புகள். ஒரே பக்கம் நோக்கும் ஜோடிக்கு ஆற்றல் −1, எதிரெதிராக நோக்கினால் +1. எல்லாம் ஒரே பக்கம் என்பது 2 நிலை, ஆற்றல் −8. குறுக்குக் குறுக்காக மாறி மாறி இருப்பது 2 நிலை, ஆற்றல் +8. மீதி 12 நிலைகளுக்கும் சுழி. கே என்பதைப் பிணைப்பு வலிமையை வெப்பநிலையால் வகுத்த எண் என்று வைத்தால், பகிர்வுச் சார்பு, அதாவது எல்லா நிலைகளின் எக்ஸ்ப்(−ஆற்றல்/வெப்பநிலை) எடைகளின் கூட்டல், 2 எக்ஸ்ப்(8கே) + 12 + 2 எக்ஸ்ப்(−8கே). கே சுழியானால் 16 வர வேண்டும்.

உங்கள் நிரல் எத்தனை பெரிய சூத்திரத்தை வைத்திருந்தாலும் இந்த ஒரு வரியோடு நாலைந்து வெப்பநிலைகளில் பத்து இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் 64-க்கு 64 ஓட்டிப் பார்ப்பது மின்சாரத்துக்குக் கேடு.

சின்ன அளவில் ஓடுகிறது, கொஞ்சம் பெரிதாக்கினால் முடிவிலி

சாதாரண 64 பிட் எண்ணின் உச்சவரம்பு சுமார் 1.8 × 10³⁰⁸. எக்ஸ்ப் சார்பு 709.78-ஐத் தாண்டினால் முடிவிலி என்று கையை விரித்துவிடும். இதில் எனக்குப் பிடித்த தற்செயல் ஒன்று உண்டு: 32-க்கு 32 பின்னலில் ஸ்பின்கள் 1024, நிலைகளின் எண்ணிக்கை 2-இன் 1024-ஆம் அடுக்கு, 64 பிட் எண்ணால் தாங்க முடியாத முதல் இரண்டின் அடுக்கும் அதுவேதான். ஆனால் தம்பிக்கு அதற்கும் முன்பே, 28-லேயே உடைந்தது. மாறுநிலை வெப்பநிலையில் (காந்த ஒழுங்கு குலையும் இடம், இந்த அலகில் 2.269) ஒரு ஸ்பினுக்குப் பகிர்வுச் சார்பின் மடக்கை 0.9297, அதை 27 × 27 = 729-ஆல் பெருக்கினால் 678, 28 × 28 = 784-ஆல் பெருக்கினால் 729. வரம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்த அளவில் உடையும் என்பதை முன்கூட்டியே இப்படிக் கணக்கிட முடிந்தால் கோளாறு இதுதான் என்று உறுதி.

மருந்து எளியது, பகிர்வுச் சார்பை ஒருபோதும் பகிர்வுச் சார்பாக வைத்திருக்காதீர்கள், அதன் மடக்கையை மட்டும் சுமந்து செல்லுங்கள். கூட்ட வேண்டிய இடத்தில் பெரிய அடுக்கை வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுங்கள், லாக்-சம்-எக்ஸ்ப் என்ற பெயரில் எல்லா நூலகத்திலும் அது தயாராக இருக்கிறது. தொடர் பெருக்கத்துக்கும் இதே கதைதான். 170! வரை சரி, 171! முடிவிலி, ஆகவே அதன் மடக்கையை நேராகத் தரும் லாக்-காமாவைக் கூப்பிடுங்கள்.

லாக்-காமா இருக்கும்போது ஸ்டர்லிங் தோராயம் எதற்கு என்பது என் கட்சி. பாடப்புத்தகம் என்!-இன் மடக்கைக்கு ‘என் லாக் என் − என்’ (‘என்’ இங்கே n என்ற எழுத்து) என்று எழுதிவிட்டுப் போகும். 10!-க்கு அது 13.026 தரும், உண்மை மடக்கை 15.104. பாதி லாக்(2 பை என்) சேர்த்தால் 15.096, 1/(12என்) சேர்த்தால் 15.104 வந்துவிடும். பத்து ஸ்பின் அமைப்பில் என்ட்ரோபி (நிலைகளின் எண்ணிக்கையின் மடக்கை) ‘ஏனோ’ கூடுகிறது என்று வந்த இன்னொரு பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

உயர் வெப்பநிலையில் என்ட்ரோபி லாக் 2 அளவு கூடுதல்

இதைத்தான் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. 1949-ல் புரூரியா காஃப்மன் கொடுத்த சூத்திரம், வரம்புள்ள ஐசிங் பின்னலுக்கு நான்கு பெருக்கல் தொடர்களின் கூட்டல். இரண்டில் காஸ் ஹெச் (cosh), இரண்டில் சைன் ஹெச் (sinh), உள்ளே காமா என்று பெயரிட்ட வரிசை எண்கள் (காமா சார்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர் மட்டும் ஒன்று). ஒவ்வொரு காமாவையும் காஸ் ஹெச்-இன் எதிர்ச்சார்பு போட்டு எடுப்பது வழக்கம், தம்பியும் அப்படித்தான் எடுத்திருந்தான். எதிர்ச்சார்பு எப்போதும் நேர்க்குறி எண்ணைத்தான் தரும். ஆனால் வரிசையின் முதல் காமா, அதாவது சுழி இலக்கமிட்டது, 2கே + லாக்(டேன் ஹெச் கே), டேன் ஹெச் என்பது tanh. தாழ்ந்த வெப்பநிலையில் அது நேர்க்குறி, மாறுநிலையில் சுழி, அதற்கு மேலே எதிர்க்குறி. நான்காவது தொடரின் குறி மொத்தமும் இந்த ஒரே ஒரு எண்ணில் தொங்குகிறது.

இயற்பியலாகப் பார்த்தால் அர்த்தம் தெளிவு. குளிரில் நாலு தொடரும் ஒன்றோடொன்று கூடி, முன்னால் உள்ள அரையோடு சேர்ந்து 2 ஆகும், எல்லாம் மேலே அல்லது எல்லாம் கீழே என்ற இரண்டு அடிநிலைகள் அவை. சூட்டில் நான்காவது கழிபட்டு மூன்றில் ஒன்று போய், பாதியாகி, 1 ஆக வேண்டும். குறி தவறினால் சூட்டிலும் 2 நிற்கும், அதனால் என்ட்ரோபியில் லாக் 2 கூடுதல், அதோடு மாறுநிலையில் வளைகோட்டில் ஒரு முறிவு. வரம்புள்ள அமைப்பில் முறிவு தெரிந்தாலே சந்தேகப்படுங்கள், எண்ணக்கூடிய அளவு எக்ஸ்ப்களின் கூட்டலில் முறிவு வரவே முடியாது. நாலு காசுச் சோதனையில் இது உடனே பிடிபட்டிருக்கும்: 16 வர வேண்டிய இடத்தில் 32. நாங்கள் அந்தச் சோதனையைக் கடைசியில் செய்தோம், அதனால்தான் இந்தக் கட்டுரையில் அது முதலில் இருக்கிறது.

இரண்டு கோடியிலும் சரி, நடுவில் மட்டும் தப்பு

வரம்புள்ள பின்னலை எதனோடு ஒப்பிடுவது? 1944-ல் லார்ஸ் ஆன்சாகர் தந்த முடிவிலிப் பின்னலின் விடையோடு. அதில் முதல் வகை முழு நீள்வட்டத் தொகையீடு வரும். உங்கள் ஆற்றல் வளைகோடு மிக உயர்ந்த வெப்பநிலையில் சரி, மாறுநிலையில் −1.4142 என்று சரி, மிகக் குளிரிலும் சரி, ஆனால் இடையில் வயிறு உப்பியதுபோல விலகுகிறதா? நூறில் தொண்ணூறு தடவை காரணம் ஒன்றுதான்: அந்தச் சார்பு எதை உள்ளீடாக எதிர்பார்க்கிறது என்று பார்க்காமல் விட்டது.

சிலர் மட்டு எண்ணை (தொகையீட்டின் வடிவைத் தீர்மானிக்கும், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்) கேட்பார்கள், சிலர் அதன் வர்க்கத்தை. கணக்கு மென்பொருள்களில் சைப்பை, எம்பிமேத், மேட்லாப், மேத்தமேட்டிகா எல்லாம் வர்க்கத்தைக் கேட்கும். சி++ 17, பூஸ்ட், குனு அறிவியல் நூலகம், மேப்பிள் இவை வர்க்கம் போடாத எண்ணைக் கேட்கும். சுழியின் வர்க்கம் சுழி, ஒன்றின் வர்க்கம் ஒன்று, அதனால் இரண்டு கோடியிலும் தப்பு வெளியே தெரியாது. வெப்பநிலை 2-ல் சரியான விடை −1.7456, வர்க்கம் போடாத எண்ணை சைப்பைக்குக் கொடுத்தால் −1.7907. வெறும் இரண்டரை விழுக்காடு வித்தியாசம், ‘சரி, சின்ன அமைப்பின் விளைவாக இருக்கும்’ என்று ஆளை ஏமாற்றப் போதுமான அளவு. உண்மையான அளவு விளைவா என்று பார்க்கப் பின்னலைப் பெரிதாக்குங்கள். விலகல் குறையவே இல்லையென்றால் தப்பு உங்களுடையது.

சரியாக மாறுநிலையில் மட்டும் ‘நான்’

தம்பியின் திரையில் இருந்தது இதுதான், வெப்பநிலைப் பட்டியலில் மாறுநிலை மதிப்பை (2.269185…) வேண்டுமென்றே நிறையத் தடவை சேர்த்திருந்தான். ஆன்சாகரின் ஆற்றலில் (2 டேன் ஹெச்²(2கே) − 1) என்ற காரணி மாறுநிலையில் சுழி ஆகும், அதே இடத்தில் நீள்வட்டத் தொகையீடு முடிவிலி ஆகும். சுழி பெருக்கல் முடிவிலிக்குக் கணினியின் பதில் ‘நான்’. சில சமயம் வட்டமாக்கலில் உள்ளீடு ஒன்றை ஒரு துளி தாண்டிப் போகும், அப்போதும் ‘நான்’.

சுழி பெருக்கல் லாக் என்பது சுழி என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். நிரலில் செய்ய வேண்டியது, ஒன்றிலிருந்து மட்டின் வர்க்கத்தைக் கழிக்கும் வேலையைக் கணினியிடம் விடாமல் நாமே இயற்கணிதத்தில் முடித்துவிடுவது. சைன் ஹெச் 2கே-யை எஸ் என்று வைத்தால், கழித்த பின் மிஞ்சுவது (1 − எஸ்²)/(1 + எஸ்²) என்பதன் வர்க்கம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் முன்னால் நிற்கும் அந்தக் காரணியும் இதே எண்தான், குறி மட்டும் மாறும். சைப்பையில் எலிப்கேஎம்1 என்று ஒன்று இருக்கிறது, ஒன்றிலிருந்து கழித்த எண்ணையே அது நேராக வாங்கிக்கொள்ளும். அதைக் கூப்பிடுங்கள், எண் அப்பட்டமான சுழியானால் மட்டும் பெருக்கலைச் சுழி என்று திருப்பி அனுப்புங்கள். தம்பி மாற்றியபின் அந்த இடத்தில் −1.41421356 வந்தது.

தன்வெப்ப வளைகோடு ரம்பப் பல் மாதிரி

மடக்கையை இரண்டு தடவை எண்முறையில் வகையிட்டிருப்பீர்கள், படியை 10⁻⁶ என்று வைத்திருப்பீர்கள். மடக்கை ஆயிரம் அளவுள்ள எண் என்றால் அதில் 10⁻¹³ அளவு வட்டமாக்கல் தூசி உண்டு, படியின் வர்க்கமான 10⁻¹²-ஆல் வகுத்தால் தூசி 0.1 ஆகி நிற்கும். படியைப் பெரிதாக்குங்கள், அல்லது எம்பிமேத்தில் 50 இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ் வாயு: விடை வருகிறது, ஆனால் விடிய விடிய ஓடுகிறது

இது என் சொந்தக் கதை. 2023-ல் இங்கே லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது, பெட்டிக்குள் போஸ் வாயுவுக்கு மூன்றின் கீழ் இரண்டு வரிசையுள்ள பாலிலாக்கைத் தொடராகக் கூட்டும் நிரலை ராத்திரி ஓட விட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது, மடிக்கணினியின் பேட்டரி ஏற்கெனவே கிழடு, காலையில் பார்த்தால் எதுவும் இல்லை. கோபம் கரண்ட் மேல்தான் முதலில் வந்தது. பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். செறிமம் உருவாகும் விளிம்பில் அந்தத் தொடரின் முதல் எம் உறுப்புகளைக் கூட்டினால் மிச்சம் விட்டுப்போவது 2/√எம். பத்து லட்சம் உறுப்பு கூட்டினாலும் பிழை 0.002. ஆறு இலக்கம் சரியாக வேண்டுமென்றால் 4 × 10¹² உறுப்புகள். கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது.

வழி வேறு. ஃபுகாசிட்டியின் (பாலிலாக்குக்குப் போகும் உள்ளீடு, போஸ் வாயுவில் ஒன்றைத் தாண்டாது) மடக்கையைக் குறி மாற்றி ஆல்ஃபா என்று வையுங்கள். ஆல்ஃபா சின்னதாக இருக்கும்போது அதே சார்பு 2.612 − 3.545√ஆல்ஃபா + 1.460 ஆல்ஃபா என்று போகும், அடுத்த உறுப்பு ஆல்ஃபாவின் வர்க்கத்தில். ஆல்ஃபா 0.01 என்றால் இந்த நாலு உறுப்பிலேயே 2.2725 கிடைத்துவிடும். தொடக்கத்தில் வரும் 2.612 ரீமனின் ஸீட்டா, மூன்றின் கீழ் இரண்டில். 3.545 என்பது காமா சார்பு −½-இல் தரும் −2√பை. ஆல்ஃபா பெரிதானால் பழைய தொடருக்கே திரும்பிவிடலாம், அங்கே அது பத்திருபது உறுப்பில் அடங்கும்.

இதன் பக்கத்து வீட்டுக் கோளாறு: விடையில் திடீரென்று கற்பனைப் பகுதி முளைப்பது. மூலம் தேடும் வழிமுறை ஃபுகாசிட்டி ஒன்று என்ற வேலியைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். ஃபுகாசிட்டியைத் தேடாமல் ஆல்ஃபாவின் மடக்கையைத் தேடுங்கள், எந்தப் பக்கம் குதித்தாலும் வேலிக்குள்தான் விழும்.

பெட்டிக்குள் ஒரு துகள்: எப்போதும் அரை அளவு வித்தியாசம்

பகிர்வுச் சார்பான எக்ஸ்ப்(−ஆல்ஃபா × என்²) என்பதை (இந்த ஆல்ஃபா முன்னதல்ல, அடிநிலை ஆற்றலை வெப்பநிலையால் வகுத்தது) என் = 1 முதல் கூட்டுவதற்குப் பதில் தொகையீடு போட்டால் ½√(பை/ஆல்ஃபா) வரும். ஆல்ஃபா 0.01 எனில் 8.8623, உண்மைக் கூட்டல் 8.3623. பிசகாமல் அரை குறையும். சுழியாவது உறுப்பு தொகையீட்டுக்குள் பாதியாக நுழைந்துவிடுவதால் வருவது இது. அரையைக் கழித்தபின் மிஞ்சும் பிழை எவ்வளவு தெரியுமா? யாக்கோபியின் தீட்டா முற்றொருமைப்படி எக்ஸ்ப்(−987) அளவு, அதாவது தசமப் புள்ளிக்குப் பின் நானூறு சுழிக்கு மேல். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, 500 இலக்கம் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஆல்ஃபா பெரிதானால் நேர்க்கூட்டல், சின்னதானால் தீட்டாவின் மறுபக்கம், இரண்டு பக்கமும் நாலைந்து உறுப்புக்கு மேல் தேவைப்படாது. நூலகத்தின் தீட்டாவைக் கூப்பிட்டால், உள்ளீடு எக்ஸ்ப்(−ஆல்ஃபா) தானா என்று ஆவணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீள்வட்டத் தொகையீட்டில் நடந்த கூத்து இங்கேயும் நடக்கும்.

சுழலிச் சங்கிலி: பெஸ்ஸல் எகிறுகிறது, இல்லையென்றால் எதிர்க்குறியாகிறது

தளத்தில் சுழலும் ஸ்பின்களின் வளையத்துக்குப் பகிர்வுச் சார்பு என்பது திருத்திய பெஸ்ஸல் சார்புகளின் அடுக்குகளைக் கூட்டுவது. கே சுமார் 713-ஐத் தாண்டினால் பெஸ்ஸல் முடிவிலி, இரண்டு முடிவிலிகளின் விகிதம் ‘நான்’. எக்ஸ்ப் பகுதியை வெளியே எடுத்த, பெயரின் கடைசியில் ‘இ’ ஒட்டிய வகையைக் கூப்பிடுங்கள், விகிதத்தில் அது தானாக அடிபட்டுவிடும்.

எதிர்க்குறி வந்தால், வரிசை சுழி, ஒன்று என்று தொடங்கி, முந்தைய இரண்டிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் மீள்தொடர்பில் மேலே ஏறியிருக்கிறீர்கள். இந்தச் சார்புக்கு மேலே ஏறக்கூடாது. உள்ளீடு 1 எனில் பத்தாவது வரிசையின் மதிப்பு 2.75 × 10⁻¹⁰, ஏறிப் போகும்போது ஒவ்வொரு படியிலும் தூசி பெருகி அங்கே போய்ச் சேருவதற்குள் விடையை விழுங்கிவிடும். வேண்டியதை விட மிக உயரத்தில் ஏதோ ஒரு எண்ணை வைத்துக் கீழே இறங்கி வந்து, கடைசியில் சுழி வரிசையோடு ஒப்பிட்டு அளவைச் சரிசெய்யுங்கள்.

லாஞ்செவான் சார்பும் (குட்டிக் காந்தங்கள் வெளிப்புலத்தின் பக்கம் எவ்வளவு திரும்பும் என்று தருவது) இதே குடும்பம். காத் ஹெச் எக்ஸ் − 1/எக்ஸ், எக்ஸ் 10⁻⁸ ஆனால் பத்துக் கோடியிலிருந்து பத்துக் கோடியைக் கழிக்கிறது, 3.3 × 10⁻⁹ வர வேண்டிய இடத்தில் சுழியோ குப்பையோ வரும். சின்ன எக்ஸுக்கு எக்ஸ்/3 − எக்ஸ்³/45 போதும்.

எல்லாம் சரிதான், ஆனாலும் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் நிரலை விடுங்கள். வரம்புள்ள பின்னலில் தன்வெப்பம் முடிவிலிக்குப் போகாது, வட்டமான முகடுதான். அதன் உயரம் பக்க நீளத்தின் மடக்கையை 0.4945-ஆல் பெருக்கிய வேகத்தில் மெதுவாக ஏறும். ஃபெர்டினாண்டும் ஃபிஷரும் 1969-ல் காஃப்மன் சூத்திரத்திலிருந்தே இதை எடுத்துக் காட்டினார்கள். வெளிப்புலம் இல்லாதபோது சராசரிக் காந்தமாக்கம் எந்த வெப்பநிலையிலும் சுழிதான், மேலும் கீழும் சமம் என்பதால், ஆகவே அதன் தனிமதிப்பின் சராசரியைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமான பொறியில் 1000 போஸ் அணுக்கள் என்றால் செறிம வெப்பநிலை சூத்திரத்தை விட 7.3 விழுக்காடு கீழே இருக்கும். முதல் திருத்தம் எண்ணிக்கையின் கனமூலத்தால் 0.73-ஐ வகுத்தது, அவ்வளவுதான்.

முகட்டின் இடமும் நகரும். சுற்றி ஒட்டிய சதுரப் பின்னலில் அது 2.269-க்குச் சற்று மேலே நிற்கும், பின்னல் பெரிதாகப் பெரிதாக இறங்கி வரும். தம்பி இதைக் கோளாறு என்று நினைத்து, படம் வரையும் வரியில் வெப்பநிலையை 0.957-ஆல் பெருக்கி முகட்டைக் கையால் 2.269-க்குத் தள்ளி வைத்திருந்தான். 8-க்கு 8 பின்னலுக்கு அழகாகப் பொருந்தியது, 16-க்கு மாற்றியதும் முகடு மறுபக்கம் ஓடிவிட்டது. “அண்ணா, இதை அழிக்கட்டுமா?” என்றான். அழி என்றேன். அழிக்கவில்லை, முன்னால் ஒரு # போட்டு வைத்தான்.